அமெரிக்கக் கல்லூரிகளின் படிப்பு உதவிச் சேவைகள்: பெற்றோருக்காக ஒரு மதிப்பீடு

அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை கால்குலஸிலோ கெமிஸ்ட்ரியிலோ தடுமாறினால், நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி "வெளியே நல்ல ட்யூட்டர் யாராவது கிடைப்பாங்களா?" என்பதுதான். பெரும்பாலும் அந்தத் தேடலே வேண்டியதில்லை. உதவி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கான பணத்தையும் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். லேர்னிங் சென்டர், ஸ்டூடன்ட் சக்சஸ் சென்டர், அகாடமிக் ரிசோர்ஸ் சென்டர் என்று கல்லூரிக்குக் கல்லூரி பலகை மாறும். உள்ளே நடப்பவை கிட்டத்தட்ட ஒன்றுதான்: எஸ்.ஐ. எனப்படும் துணை வகுப்பு, ட்யூட்டரிங், ரைட்டிங் சென்டர், உடல் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள மாணவர்களுக்கான அலுவலகம், பாடத் தேர்வில் வழிகாட்டும் அட்வைசர்கள்.

எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. சில சேவைகள் காசு கொடுத்தாலும் வெளியே கிடைக்காதவை. சில பெயருக்கு நடப்பவை. ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒன்று உண்டு. நான்காவது வாரத்தில் போய் நிற்கும் மாணவருக்குச் செய்ய முடிகிற உதவியைப் பன்னிரண்டாவது வாரத்தில் போய் நிற்பவருக்கு யாராலும் செய்ய முடியாது. பதினைந்து வாரத்தில் முடிந்துவிடும் செமஸ்டரில் இழந்த நாட்களை மீட்க இடமில்லை.

பெற்றோருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

1974-இல் வந்த ஃபெர்பா என்ற கூட்டரசுச் சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயது ஆனாலோ, அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ, கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடுகிறது. ஃபீஸ் யார் கட்டினாலும் அதுதான் நிலை. பேராசிரியருக்கு போன் போட்டு "என் பையன் மிட்டெர்ம் எழுதினானா?" என்று செமஸ்டரின் நடுவே வரும் தேர்வைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்.

மாணவர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால் கல்லூரி உங்களிடம் பேசலாம். படிவம் பெரும்பாலும் மாணவர் பதிவுகளைப் பராமரிக்கும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலோ மாணவரின் இணையக் கணக்கான போர்ட்டலிலோ இருக்கும். எந்தப் பதிவுகளை, யாரிடம், எதற்காகச் சொல்லலாம் என்று மூன்றையும் அதில் குறிப்பிட வேண்டும். இங்கே பலர் ஏமாறுவது ஒரு இடத்தில்: கட்டணக் கணக்கைப் பார்க்க அனுமதி கிடைத்ததும் மார்க்கும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல கல்லூரிகளில் இரண்டும் வெவ்வேறு அனுமதிகள். அமெரிக்க வருமான வரியில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்கு ஒப்புதல் இல்லாமலே தகவல் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும் பெற்றோருக்கு அந்த வழி பெரும்பாலும் பொருந்தாது.

பொதுவான கேள்விகளை மட்டும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தெந்தப் பாடத்துக்கு எஸ்.ஐ. உண்டு, ட்யூட்டரிங் எத்தனை மணிவரை, பாடத்தைக் கைவிட எது கடைசி நாள் என்பதெல்லாம் இணையத்திலேயே இருக்கும். மீதியைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். "படிப்பு எப்படிப் போகுது?" என்றால் "நல்லாத்தான் போகுதுப்பா" என்றுதான் பதில் வரும். "கால்குலஸ் எஸ்.ஐ. என்னென்ன கிழமைடா? போன தடவை எந்தக் கணக்கைப் போட்டீங்க?" என்று கேட்டால் மழுப்ப முடியாது. போகாத பிள்ளைக்கு அந்த நேரமே தெரிந்திருக்காது.

எஸ்.ஐ.: இருப்பதிலேயே சிறந்தது

சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பது முழுப் பெயர். 1973-இல் கன்சாஸ் சிட்டியிலுள்ள மிசூரி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் உருவாக்கிய முறை. முதலில் மருத்துவம் சார்ந்த படிப்பு மாணவர்களுக்காகத் தொடங்கி, பிறகு மற்ற பாடங்களுக்கும் மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. இதன் அடிப்படை எண்ணமே நல்லது: யார் பலவீனமான மாணவர் என்று தேடாமல் எந்தப் பாடம் கடினமானது என்று பார்க்கிறார்கள். சேர்ந்தவர்களில் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் 'டி' என்ற தாழ்ந்த கிரேடோ 'எஃப்' என்ற தோல்வி கிரேடோ வாங்குகிறார்கள், அல்லது நடுவில் விலகுகிறார்கள் என்றால் அந்தப் பாடத்துக்கு எஸ்.ஐ. வைப்பது வழக்கம். ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, கால்குலஸ், முதலாண்டு பயாலஜி, அக்கவுண்டிங் ஆகியவை பெரும்பாலும் பட்டியலில் இருக்கும்.

இதை நடத்துபவர் அதே பாடத்தை முன்பு படித்து நல்ல கிரேடு வாங்கிய ஒரு மாணவர். அவர் இந்த செமஸ்டரிலும் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பேராசிரியர் சொல்வதைக் குறிப்பெடுக்கிறார். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம், குழுவாக உட்கார வைத்து வேலை வாங்குகிறார். வெளியில் மணிக்கணக்கில் பணம் வாங்கும் ட்யூட்டர் இதில்தான் தோற்கிறார்: இந்தப் பேராசிரியர் வாரம் 6-இல் எதை அழுத்திச் சொன்னார், எந்த மாதிரிக் கணக்கைத் தேர்வில் வைப்பார் என்பது அவருக்குத் தெரியாது. எஸ்.ஐ. லீடருக்குத் தெரியும்.

நம் பிள்ளைகள் இங்கே தவறவிடுவது எப்படி? பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்த பிள்ளை, "அது வீக்கான பசங்களுக்கு" என்று நினைத்துப் போகாமல் இருந்துவிடும். முதல் மிட்டெர்மில் அடி வாங்கிய பிறகு போனால், அங்கே ஏற்கனவே ஒரு குழு நான்கு வாரமாகச் சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும். இன்னொரு கோளாறு, லீடர் மறுபடி பாடம் நடத்துவார் என்று எதிர்பார்த்துப் போவது. அவர் நடத்த மாட்டார். கேள்வியைத் திருப்பி உங்கள் பிள்ளையிடமே கேட்பார். போர்டில் எழுதச் சொல்வார். ஒரு தடவை போய்விட்டு "அங்க ஒண்ணுமே சொல்லித் தரலம்மா" என்று சொல்லும் பிள்ளையை, குறைந்தது இன்னும் இரண்டு வாரமாவது போகச் சொல்லுங்கள். தானே போட்டுப் பார்க்கும் அந்த 50 நிமிடத்தில்தான் பாடம் ஏறுகிறது.

பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை. நேர அட்டவணை பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் வந்துவிடும். குறை என்றால் இரண்டு: எஸ்.ஐ. பொதுவாக முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களோடு நின்றுவிடுகிறது. ஒரே பாடத்தைப் பல பேராசிரியர்கள் எடுத்தால், சில பிரிவுகளுக்கு மட்டும் எஸ்.ஐ. இருக்கும். பாடங்களைப் பதிவு செய்யும்போதே அதைப் பார்த்துச் சேர்ந்தால் நல்லது.

ட்யூட்டரிங் சென்டர்: நல்லது, ஆனால் கையை வீசிக்கொண்டு போனால் பயனில்லை

இரண்டு வகை உண்டு. முன்பதிவு இல்லாமல் போய் உட்காரும் ட்ராப்-இன் ஒன்று. நேரம் குறித்துக்கொண்டு தனியாகப் பார்ப்பது இன்னொன்று. ட்ராப்-இன் அறையில் ஒரே ட்யூட்டர் ஏழெட்டு மேசைகளுக்கு நடந்துகொண்டிருப்பார். ஒரு கணக்கில் எந்த வரியில் சிக்கியது என்று கேட்க அது போதும். ஒரு அத்தியாயமே புரியவில்லை என்றால் தனிச் சந்திப்புதான் சரி. 30 முதல் 60 நிமிடம் கிடைக்கும். பாடத்துக்கு வாரம் ஒன்றிரண்டு மணிநேரம் என்று வரம்பு வைத்திருப்பார்கள்.

ட்யூட்டர்கள் பெரும்பாலும் மாணவர்கள்தான். "சின்னப் பசங்க என்ன சொல்லித் தருவாங்க?" என்று தள்ளிவிட வேண்டாம். தரத்தைக் கண்டுபிடிக்க எளிதான வழி ஒன்று இருக்கிறது: அந்த மையத்துக்கு சி.ஆர்.எல்.ஏ. (காலேஜ் ரீடிங் அண்ட் லேர்னிங் அசோசியேஷன்) அமைப்பின் ட்யூட்டர் பயிற்சிச் சான்று உண்டா என்று பாருங்கள். அதில் மூன்று நிலைகள். முதல் நிலைக்கே குறைந்தது 10 மணிநேரப் பயிற்சியும் 25 மணிநேரம் சொல்லிக்கொடுத்த அனுபவமும் வேண்டும். சான்று இல்லாத இடத்திலும் நல்ல ட்யூட்டர் இருக்கலாம். சான்று இருந்தால், பயிற்சியே இல்லாமல் யாரையோ உட்கார வைத்துவிடவில்லை என்பதாவது நிச்சயம்.

பிள்ளை எதை எடுத்துப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன். வெறும் புத்தகத்தோடு போய் "சேப்டர் 4 புரியலை" என்றால் பாதி நேரம் எங்கே தொடங்குவது என்பதிலேயே போய்விடும். சிலபஸ், வகுப்புக் குறிப்பு, போட்டுப் பார்த்து நின்றுபோன இரண்டு கணக்குகள், திருத்தி வந்த க்விஸ் தாள் ஆகிய நான்கும் மேசையில் இருக்க வேண்டும். நின்றுபோன வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாலே போதும். நல்ல ட்யூட்டர் அங்கே விரலை வைத்து, "இதுக்கு முந்தின வரியை ஏன் இப்படி எழுதினே?" என்று ஆரம்பிப்பார், பல சமயம் கோளாறு கால்குலஸில் இருக்காது, பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவில் இருக்கும்.

சொதப்பும் இடங்கள்: மிட்டெர்முக்கு முந்தின வாரம் கூட்டம் தாங்காது, நேரம் கிடைக்காது. சொல்லாமல் இரண்டு மூன்று தடவை வராமல் போனால் பல மையங்கள் முன்பதிவு உரிமையை நிறுத்திவிடும். இறுதித் தேர்வு வாரத்தில் பல இடங்களில் ட்யூட்டரிங் கிடையாது, ஏனென்றால் ட்யூட்டர்களுக்கும் அதே வாரம்தான் பரீட்சை. மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களுக்கு ட்யூட்டர் கிடைப்பது கடினம்; அங்கே பேராசிரியருக்கு உதவியாக இருக்கும் துறையின் டி.ஏ.க்களையும் பேராசிரியரையும்தான் நம்ப வேண்டும்.

அதனால் ஆஃபீஸ் அவர்ஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணிநேரம் மாணவர்களுக்காகவே ஒதுக்கி, அதைச் சிலபஸில் அச்சிட்டிருப்பார். இந்தியாவில் படித்து வந்த பிள்ளைகள், "சாரைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்ற மரியாதையில் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். இங்கே அந்த மணிநேரத்தில் போவதுதான் மரியாதை. போகாத மாணவரைத்தான் பேராசிரியருக்குத் தெரியாமல் போகிறது. பிற்பாடு பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது அது உறைக்கும்.

ரைட்டிங் சென்டர்

இதைப் பற்றி வரும் புகார்களில் முக்கால்வாசி தவறான எதிர்பார்ப்பில் பிறப்பவை. கட்டுரையைக் கொடுத்தால் இலக்கணப் பிழை திருத்தித் தருவார்கள் என்று நினைத்துப் போகிறார்கள். அவர்கள் ப்ரூஃப் பார்ப்பவர்கள் இல்லை. கேள்விக்குப் பதில் வந்திருக்கிறதா, வாதம் எங்கே உடைகிறது, இரண்டாம் பத்தி ஏன் நான்காம் பத்தியைத் திரும்பச் சொல்கிறது, மேற்கோள் எங்கே விடுபட்டது ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். இலக்கணத்தில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் அந்த விதியை விளக்கி, அடுத்த பக்கத்தில் மாணவரையே திருத்தச் சொல்வார்கள்.

முப்பது நிமிடத்தில் ஐந்து பக்கத்தை முழுதாகப் பார்க்க முடியாது. ஆகவே கட்டுரை முடிவதற்கு முன்பே, கேள்வித்தாளோடும் அரைகுறை வரைவோடும் போவதுதான் புத்திசாலித்தனம். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு நான்கைந்து நாள் முன்பாவது சந்திப்பு அமைய வேண்டும். முந்தின நாள் ராத்திரி போனால், தவறு எங்கே என்று தெரியும், திருத்த நேரம் இருக்காது. நள்ளிரவில் ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. மேற்கோள் முறையில் சந்தேகம் வந்தால் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் ரைட்டிங் லேப் இருக்கிறது; எந்தக் கல்லூரி மாணவரும் இலவசமாகப் படிக்கலாம்.

இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று நினைப்பது பெரிய தவறு. லேப் ரிப்போர்ட், இன்டர்ன்ஷிப் விண்ணப்பக் கடிதம், மேற்படிப்புக்கான கட்டுரை என எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் பல மையங்களில் இருக்கிறார்கள். பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகம்: அதிகாரம் உள்ள ஒரே சேவை

மற்ற சேவைகள் உதவி செய்யும். இந்த அலுவலகம் சட்டப்படி வசதி செய்து தரும். 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், 1990-இல் வந்த ஏ.டி.ஏ. எனப்படும் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பின்னணியில் நிற்கின்றன. சக்கர நாற்காலி, பார்வைக் குறைபாடு மட்டும் என்று நினைக்காதீர்கள். கவனச் சிதறல் கோளாறான ஏ.டி.எச்.டி., வாசிப்புச் சிரமமான டிஸ்லெக்சியா, தீவிரமான பதற்ற நோய், மனச்சோர்வு, சர்க்கரை நோய், வலிப்பு போன்றவையும், படிப்பைக் கணிசமாகப் பாதித்தால், இதற்குள் வரும். தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், தனி அறை, குறிப்பெடுக்க உதவி போன்றவை வழக்கமான வசதிகள். இவை மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் எங்கும் பதிவாகாது. இதைச் சொன்ன பிறகும் "வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று தயங்கும் வீடுகள் நிறைய. அந்தத் தயக்கத்தால் நல்ல பிள்ளைகள் வீணாக எஃப் வாங்குவதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அமெரிக்காவிலேயே பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் இருந்த ஐ.ஈ.பி. என்ற தனிக் கல்வித் திட்டம் கல்லூரிக்குத் தொடராது. பள்ளியே தேடி வந்து பரிசோதனை செய்தது. கல்லூரிக்கு அந்தக் கடமை இல்லை. மாணவர்தான் தானாகப் போய்ச் சொல்ல வேண்டும், ஆவணம் கொடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் மருத்துவரின் அல்லது உளவியலாளரின் அறிக்கையை ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில், நோயின் பெயரோடு நிறுத்தாமல் அது வாசிப்பையும் எழுத்தையும் தேர்வு நேரத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று விளக்கி வாங்கி வர வேண்டும். பள்ளித் தேர்வில் சலுகை கொடுத்தார்கள் என்ற கடிதம் மட்டும் பெரும்பாலும் போதாது. அமெரிக்காவில் முழுப் பரிசோதனைக்கு ஆகும் செலவும் காத்திருப்பும் அதிகம். கிளம்பும் முன்பே செய்துகொள்வது நல்லது.

நடைமுறை இப்படி: ஆன்லைனில் விண்ணப்பம், ஆவணம், ஒரு நேர்காணல், பிறகு வசதிக் கடிதம். கடிதம் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒவ்வொரு செமஸ்டரும் அதைப் புதிதாகக் கேட்டுப் பெற்று, ஒவ்வொரு பேராசிரியருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். தனி அறையில் எழுத, டெஸ்டிங் சென்டரில் ஒவ்வொரு தேர்வுக்கும் பல நாட்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். மிட்டெர்ம் செவ்வாய்க்கிழமை, பதிவு செய்தது திங்கட்கிழமை என்றால் இடம் கிடைக்காது. இன்னொன்று, வசதிகள் முன்தேதியிட்டுக் கிடைக்காது. அக்டோபரில் கடிதம் வாங்கினால் செப்டம்பர் தேர்வை மறுபடி எழுத விட மாட்டார்கள். வகுப்பு தொடங்கும் முன், கோடையிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

அட்வைசர், பாதியில் விலகல், விசா

அட்வைசர்களின் தரம் மிகவும் ஏற்ற இறக்கமானது. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரே அட்வைசரிடம் சில நூறு மாணவர்கள் இருப்பார்கள். பதினைந்து நிமிடச் சந்திப்பில் உங்கள் பிள்ளையின் நிலைமை முழுதும் அவருக்குப் பிடிபடாது. பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் முடிந்தன, எவை பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட் என்ற அறிக்கையை மாணவரே போர்ட்டலில் எடுத்துப் படித்துவிட்டு, எழுதிய கேள்விகளோடு போனால்தான் அந்தச் சந்திப்பு உருப்படும். முக்கியமான பதிலை ஈமெயிலில் உறுதிப்படுத்திக்கொள்ளவும் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அட்வைசரைப் பார்க்காமல் எதையும் செய்யக் கூடாது: பாடத்திலிருந்து விலகுவது. இதை ஒரு கணக்கோடு பார்ப்போம்.

பிள்ளை 15 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) எடுத்திருக்கிறது. அதில் கால்குலஸ் 4. சிலபஸ்படி ஹோம்வொர்க் 15 சதவீதம், க்விஸ் 10, இரண்டு மிட்டெர்ம் தலா 20, இறுதித் தேர்வு 35. ஹோம்வொர்க்கில் 90, க்விஸில் 70, மிட்டெர்ம்களில் 48-உம் 60-உம் வாங்கியிருந்தால், கைவசம் 13.5, 7, 9.6, 12 சேர்த்து 42.1. 'சி' என்பது 70 என்றால் இறுதித் தேர்விலிருந்து 27.9 வர வேண்டும். அதாவது 100-க்கு 80. நாற்பத்தெட்டும் அறுபதும் வாங்கியவர் எண்பது வாங்க வேண்டும். வகுப்பின் நிலையைப் பார்த்து மார்க்கை ஏற்றும் 'கர்வ்' பேராசிரியர் போடுவாரா என்று நேரில் கேட்டுவிட்டு, இல்லை என்றால் விலகுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அதற்கான கடைசி நாள் பெரும்பாலும் செமஸ்டரின் பாதிக்குச் சற்றுப் பின், ஒன்பதாவது பத்தாவது வாரத்தை ஒட்டி வரும். அது கல்லூரியின் அகாடமிக் காலண்டரில் இருக்கும்.

மற்ற 11 கிரெடிட்டில் சராசரி 4-க்கு 3.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலஸில் 'எஃப்' விழுந்தால் கிரேடுகளின் சராசரியான ஜி.பி.ஏ. 2.57-க்கு இறங்கிவிடும். விலகினால் விலகலைக் குறிக்கும் 'டபிள்யூ' விழும், ஜி.பி.ஏ. 3.5-இலேயே நிற்கும். ஆனால் கட்டிய பணம் அந்தக் கட்டத்தில் பொதுவாகத் திரும்ப வராது. கூட்டரசு நிதியுதவி வாங்கும் மாணவர் எடுத்த கிரெடிட்டில் சுமார் 67 சதவீதம் முடித்துக்கொண்டே வர வேண்டும். 15-க்கு 11 என்றால் 73, தப்பித்தது. அடுத்த செமஸ்டரில் இப்படி இரண்டை விட்டால் சிக்கல்தான்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இதே கணக்கு வேறு மாதிரி முடிகிறது. இளங்கலையில் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் இருக்க வேண்டும். 15-இல் 4 போனால் 11. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ. முன்கூட்டியே அனுமதி தராமல் விலகினால் விசா நிலையே போய்விடும். படிப்புக் காரணத்துக்காக அந்த அனுமதி ஒரு பட்டப்படிப்பில் ஒரே ஒரு தடவைதான். காரணமும் வரையறுக்கப்பட்டது: ஆங்கிலத்தில் ஆரம்பகாலச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, தவறான நிலைப் பாடத்தில் சேர்ந்தது போன்றவை. குறைத்தாலும் 6 கிரெடிட்டுக்குக் கீழே போகக் கூடாது. உடல்நலக் காரணத்துக்குத் தனி விதி உண்டு. ஆக, எஃப்-1 மாணவர் முதலில் போக வேண்டிய கதவு அட்வைசருடையது இல்லை, டி.எஸ்.ஓ.வுடையது. அட்வைசர் நல்லெண்ணத்தில் "ட்ராப் பண்ணிடு" என்று சொல்லிவிடலாம். விசா அவர் துறை அல்ல.

15 கிரெடிட் என்றாலே என்ன சுமை என்பதும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணிநேர வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணிநேர வேலை என்பதுதான் கிரெடிட்டின் அடிப்படைக் கணக்கு. வகுப்பும் சேர்த்து வாரம் 45 மணிநேரம். அதோடு வளாகத்தில் 20 மணிநேர வேலையும் பார்க்கும் பிள்ளைக்கு எந்த ட்யூட்டராலும் நேரத்தைக் கூட்டித் தர முடியாது. இந்த இடத்தில் உதவுவது அகாடமிக் கோச்சிங். வாரம் ஒரு சந்திப்பு, ஒரு தாளில் ஏழு நாள் கட்டம், எந்தக் கட்டத்தில் எந்தப் பாடம் என்று எழுதவைப்பார்கள். எளிமையாகத் தெரியும், தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

மற்றவை

நூலகத்தில் கோர்ஸ் ரிசர்வ் என்று ஒரு பகுதி இருக்கும். விலை கூடிய பாடப் புத்தகங்களை அங்கேயே சில மணிநேரத்துக்கு எடுத்துப் படிக்கலாம். கூட்டரசு நிதியில் நடக்கும் ட்ரையோ ஸ்டூடன்ட் சப்போர்ட் சர்வீசஸ், குறைந்த வருமானமுள்ள குடும்பத்தினருக்கும், பெற்றோர் இளங்கலைப் பட்டம் முடிக்காத மாணவர்களுக்கும், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் ஆனது. இடங்கள் குறைவு, கவனிப்பு நன்றாக இருக்கும். எஃப்-1 மாணவர்களுக்குக் கிடையாது. பல கல்லூரிகள் 24 மணிநேர ஆன்லைன் ட்யூட்டரிங் வாங்கி வைத்திருக்கின்றன. ராத்திரி ஒரு மணிக்குச் சந்தேகம் தீர்க்க உதவும். உங்கள் பேராசிரியரின் பாடத்திட்டம் அவர்களுக்குத் தெரியாது என்பதால் அதையே முழுதாக நம்பக் கூடாது.

ஹோம்வொர்க் கேள்வியைப் பதிவேற்றினால் விடை தரும் சந்தாத் தளங்கள் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: வேண்டாம். க்ரெடிட் கார்டு உங்களுடையது என்றால் மாதாமாதம் என்ன சந்தா போகிறது என்று பாருங்கள். விடையைப் பார்த்து எழுதிய ஹோம்வொர்க்கில் 95-உம், தேர்வில் 40-உம் வாங்கும் பிள்ளைகளின் கதை பெரும்பாலும் இங்கே தொடங்குகிறது. நேர்மை மீறல் விசாரணை வந்தால் பாடத்தில் 'எஃப்', சில சமயம் இடைநீக்கம். எஃப்-1 மாணவர் இடைநீக்கப்பட்டால் விசாவும் சேர்ந்து போகும். ஏ.ஐ. கருவிகளுக்கு ஒவ்வொரு சிலபஸிலும் ஒரு விதி இருக்கிறது. ஒரு பேராசிரியர் அனுமதித்தது அடுத்தவர் வகுப்பில் குற்றமாகலாம்.

ப்ரொபேஷன் கடிதம் வந்துவிட்டால்

ஜி.பி.ஏ. 2.0-க்குக் கீழே போனால் பெரும்பாலான கல்லூரிகள் ப்ரொபேஷன் என்ற எச்சரிக்கை நிலையில் வைக்கும். கடிதம் மாணவரின் கல்லூரி ஈமெயிலுக்கு, செமஸ்டர் முடிந்த சில நாட்களில் வரும். விடுமுறையில் வீட்டுக்கு வந்த பிள்ளை அதைத் திறக்காமலே வைத்திருக்கும். கோபப்படாமல் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அதில் தேதிகள் இருக்கும்: எந்த நாளுக்குள் அட்வைசரைப் பார்க்க வேண்டும், பதிவுத் தடை எப்போது நீங்கும், நிதியுதவி நின்றிருந்தால் மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது.

மேல்முறையீட்டுக் கடிதத்தைப் பிள்ளைதான் எழுத வேண்டும். என்ன நடந்தது, அதற்கு என்ன ஆதாரம், இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். முதலாவதை இரண்டு பக்கம் எழுதிவிட்டு மூன்றாவதை ஒரு வரியில் முடிப்பவர்களின் கடிதங்கள்தான் நிராகரிக்கப்படுகின்றன. "செவ்வாய், வியாழன் எஸ்.ஐ., புதன் ட்யூட்டரிங், வேலை நேரம் 20-லிருந்து 10" என்று அட்டவணையாகவே கொடுத்தால் படிக்கும் குழுவுக்கு நம்பிக்கை வரும்.

தோற்ற பாடத்தைத் திரும்ப எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பல கல்லூரிகள் புதிய கிரேடை எடுத்துக்கொண்டு பழைய 'எஃப்'பை ஜி.பி.ஏ. கணக்கிலிருந்து நீக்குகின்றன, டிரான்ஸ்கிரிப்டில் இரண்டும் தெரியும். ஆனால் அந்தச் சலுகை பொதுவாக அதே கல்லூரியில் திரும்ப எடுத்தால் மட்டும்தான். செலவு குறைவு என்று கோடையில் வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்து 'ஏ' வாங்கினால், பெரும்பாலும் கிரெடிட் மாறிவரும், கிரேடு வராது. பழைய 'எஃப்' ஜி.பி.ஏ.வில் அப்படியே கிடக்கும். பணம் கட்டும் முன் சொந்தக் கல்லூரியின் ரெஜிஸ்ட்ராரிடம் ஈமெயிலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.